மறைப்பும் காப்பும்: முழுவட்டு மறைகுறியாக்கத்தின் சமூக வரலாறு – தம்பலகாமத்திலிருந்து ஒரு நோக்கு

1

திருகோணமலைத் துறைமுகத்திலிருந்து உட்புறமாகச் செல்லும்போது, தம்பலகாமக் குடாவை அடுத்துப் பரந்து கிடக்கும் நெல்வயல்களின் நடுவே ஆதிகோணநாயகர் கோயிலைக் காணலாம். இக்கோயிலின் தோற்றம் பற்றிய மரபுக் கதை ஒரு மறைப்பின் கதையாகும். 1620களின் முற்பகுதியிலே போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டு கோட்டை கட்டுவித்தான். அவ்வேளையிலே திருமேனிகள் சிலவற்றை அடியார்கள் காடுகளுக்குள் எடுத்துச் சென்று ஒளித்தனர் என்றும், பின்னர் அவை தம்பலகாமத்திலே நிலைபெற்றன என்றும் மரபு கூறும். கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் (1635–1687) ஆட்சிக்காலத்தோடு இதனைத் தொடர்புபடுத்துவது வழக்கம்.

இக்கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1950ஆம் ஆண்டிலே திருகோணமலை நகரிற் கிணறு தோண்டியவர்கள் நிலத்துக்கடியிலிருந்து சோமாஸ்கந்தர் உள்ளிட்ட செப்புத் திருமேனிகளைக் கண்டெடுத்தனர். அவற்றைப் புதைத்தவர்கள் எவர் என்பதும், புதைத்த இடத்தை எவரிடம் கூறிச் சென்றனர் என்பதும் எவருக்கும் தெரியாதிருந்தன. மறைத்தவர் மறைய, மறைவிடமும் மறைந்துபோயிற்று. ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுக் காலம் அத்திருமேனிகள் பகைவர் கையிற் சிக்கவில்லை. உரியவர் கையிலும் சேரவில்லை.

காட்டுக்குக் கொண்டு செல்லப்பட்டவை வழிபாட்டிலே தொடர்ந்தமைக்குக் காரணம், அவற்றின் இருப்பிடத்தை ஒரு சமூகம் கூட்டாக அறிந்திருந்தமையே. மண்ணுக்குள் புதைக்கப்பட்டவை மறக்கப்பட்டமைக்குக் காரணம், அவ்வறிவு ஒரு சிலரோடு நின்றுவிட்டமையே. மறைப்பு என்பது வேறு, காப்பு என்பது வேறு என்னும் உண்மையை இவ்விரு நிகழ்ச்சிகளும் ஒருங்கே உணர்த்துகின்றன. இக்கட்டுரை ஆராயப் புகும் பொருளுக்கு இதுவே திறவுகோலாகும்.

பொருள் யாதெனின், கணினியொன்றிலே லினக்ஸ் இயங்குதளத்தை முழுவட்டு மறைகுறியாக்கத்துடன் நிறுவுதல் என்னும் இன்றைய செயலாகும். தொழில்நுட்பக் கையேட்டுக்குரிய இப்பொருளை வரலாற்று ஆய்வுக்கு ஏன் எடுத்துக்கொள்ள வேண்டும் என வாசகர் வினவலாம். அண்மையிலே தம்பலகாமத்தில் அருவிவெட்டுப் பாடல்களையும், நிலம், நீர், இடப்பெயர்வு ஆகியன பற்றிய வாய்மொழி வரலாறுகளையும் ஒலிப்பதிவு செய்துகொண்டிருந்தேன். பாடலிலே தொடங்கிய முதியவர் ஒருவர், 1980களின் நடுப்பகுதியிலும் 1990இலும் இம்மாவட்டத்தின் கிராமங்கள் பட்ட பாட்டைக் கூறினார். 1998 பெப்ரவரி 1ஆம் திகதி தம்பலகாமத்திலே தமிழர் எண்மர் கொல்லப்பட்டதைப் பற்றியும் பேசினார், பெயர்களையும் சொன்னார். முடிவிலே என் மடிக்கணினியைச் சுட்டி, “தம்பி, வழியில ஆராவது இதைப் பறிச்சா எங்கட கதை ஆர்ர கையில போகும்?” என்று கேட்டார். அவ்வினாவுக்கு அன்று என்னிடம் விடை இருக்கவில்லை. என் கணினி எவ்விதப் பூட்டுமற்ற கணினியாக இருந்தது. இக்கட்டுரை அவ்விடையைத் தேடிய முயற்சியின் விளைவாகும்.

2

எழுத்து தோன்றிய சமுதாயங்களிலெல்லாம் எழுத்தை மறைக்கும் முறைகளும் தோன்றியுள்ளன. எழுத்தறிவு ஆளும் வர்க்கத்தின் உடைமையாக இருந்த காலத்திலே, மறையெழுத்து அவ்வுடைமைக்குள் ஓர் உள்ளுடைமையாக விளங்கிற்று. அருத்தசாத்திரம் ஒற்றர்களுக்குரிய மறையெழுத்தைப் பற்றிப் பேசுகின்றது. அங்கே அது அரசின் கருவி.

தமிழிலக்கியத்திலே இதற்கு நுட்பமானதொரு சான்று சிலப்பதிகாரத்திற் கிடைக்கின்றது. மாதவி கோசிகன் வழியாகக் கோவலனுக்கு அனுப்பும் ஓலை மண்ணால் இலச்சினையிடப்பட்டுள்ளது. அம்மண்ணிலே பதிக்கப்பட்டிருப்பது அவளது கூந்தலின் அடையாளம். அதன் நறுமணமே ஓலை எவருடையது என்பதைக் கோவலனுக்குப் புலப்படுத்துகின்றது. இலச்சினை இங்கு இரு பணிகளை ஆற்றுகின்றது: ஓலையை இடையில் எவரும் திறக்கவில்லை என்பதற்குச் சான்றாகின்றது, அனுப்பியவர் இன்னார் என்பதை உறுதிப்படுத்துகின்றது. இக்காலக் கணினியியல் இவ்விரண்டையும் தனித்தனியே பிரித்து ஆராய்கின்றது. எனினும் மண் இலச்சினை உடைத்தற்கு எளியது. உடைத்தவன் உள்ளடக்கத்தை வாசித்துவிடலாம். உடைத்த செய்தி மட்டுமே பின்னர் தெரியவரும்.

சித்தர் பாடல்களிலே பயிலும் பரிபாடை வேறொரு வகையினது. சொற்கள் யாவர்க்கும் தெரிந்தவை. பொருள் மட்டும் குருவழியாக வந்தவர்க்கே உரியது. பரிபாடையை அறிந்த பரம்பரை அற்றுப்போனபோது மருத்துவக் குறிப்புகள் பலவற்றின் பொருளும் உடன் அற்றுப்போயிற்று.

கோணேசர் கல்வெட்டும் இவ்விடத்திலே கருதத்தக்கது. கல்வெட்டு என்னும் பெயர் கொண்டிருப்பினும் அது கவிராசவரோதயர் பெயரால் வழங்கும் ஏட்டிலக்கியமே. குளக்கோட்டன் வகுத்ததாகக் கூறப்படும் ஒழுங்கின்படி, தானத்தார், வரிப்பத்தார் முதலாயினோர் கோயிலுக்கு ஆற்றவேண்டிய தொழும்புகளை அது பரம்பரை பரம்பரையாக நிலைநாட்ட முயல்கின்றது. இவ்வேடு எவருடைய வீட்டுப் பெட்டியில் இருந்ததோ அவரே வழக்கின் விளக்கவுரையாளராகவும் இருந்தார். நிலமானிய உறவுகளிலே ஆவணத்தின் உடைமை அதிகாரத்தின் உடைமையாகும்.

எனவே முதலாளித்துவத்துக்கு முற்பட்ட சமுதாயத்திலே இரகசியத்தின் காப்பு இரு தூண்களிலே தங்கியிருந்தது எனலாம். முறையை மறைத்து வைத்தல் ஒன்று. பிறப்பாலும் குருமரபாலும் வரையறுக்கப்பட்ட சிலரிடம் அதனை ஒப்படைத்தல் மற்றொன்று. இவ்விரண்டும் அகமணச் சாதியமைப்பின் தர்க்கத்தை ஒத்தன என்பது வெளிப்படை.

3

இத்தர்க்கத்தை உடைத்த கருத்து 19ஆம் நூற்றாண்டிலே தோன்றிற்று. அதனை முன்வைத்தவர் ஒரு மொழியாசிரியர் என்பது மொழித்துறையினரான நமக்கு ஆர்வமூட்டும் செய்தியாகும். ஒல்லாந்திலே பிறந்து பாரிசில் ஜேர்மன் மொழி கற்பித்த ஓகுஸ்த் கேர்க்கோஃப்ஸ், 1883இல் படைத்துறை மறையெழுத்து பற்றி எழுதிய கட்டுரையிலே ஒரு விதியை வகுத்தார். மறையெழுத்து முறை முழுவதும் பகைவர் கையிற் சிக்கினாலும் தீங்கு நேரக்கூடாது. இரகசியம் என்பது திறவுகோல் ஒன்றிலே மட்டும் தங்கியிருத்தல் வேண்டும் என்பதே அவ்விதியின் சாரம்.

இவ்விதி தோன்றிய காலம் தற்செயலானதன்று. தந்திக் கம்பிகள் கண்டங்களை இணைத்துவிட்டன. படைகள் பெருகின. ஒரே முறையைப் பல்லாயிரம் அலுவலர் கையாள வேண்டியிருந்தது. பல்லாயிரம் பேர் அறிந்த முறை நெடுங்காலம் இரகசியமாயிருக்க முடியாது. கைத்தொழிற் பேருற்பத்தி பூட்டுகளை ஒரே அச்சில் வார்த்துச் சாவிகளை மட்டும் வேறுபடுத்தியது போன்றே, மறையெழுத்தும் முறையைப் பொதுவாக்கித் திறவுகோலைத் தனியாக்க வேண்டியதாயிற்று.

ஏகாதிபத்தியப் போர்களிலே இத்துறை அரசுகளின் தனியுரிமையாகிற்று. அதன் சுவடுகள் நமது மாவட்டத்தின் வரலாற்றிலும் உள்ளன. 1942 சனவரியிலே, சிங்கப்பூர் வீழும் தறுவாயில், பிரித்தானியரின் தூரகிழக்கு மறையெழுத்துப் பணியகம் கொழும்புக்கு இடம்பெயர்ந்தது. அங்கே பெம்புரோக் கல்லூரி என்னும் பாடசாலைக் கட்டடத்திலே அதன் பணி நடைபெற்றது. யப்பானியக் கடற்படையின் செய்திகளை இடைமறித்து வாசித்தோர் இலங்கை மீது தாக்குதல் வரவிருப்பதை முன்கூட்டியே உணர்ந்தனர். ஏப்ரல் 5ஆம் திகதி கொழும்பும், 9ஆம் திகதி திருகோணமலையும் குண்டுவீச்சுக்கு உள்ளாயின. தம்பலகாமத்துக்கு அயலிலுள்ள சீனக்குடாவின் விமானத்தளமும் எண்ணெய்த் தாங்கிகளும் தாக்கப்பட்டன. அதன்பின் அப்பணியகம் கென்யாவின் கிலிண்டினிக்குச் சென்று, 1943இலே மீண்டும் கொழும்புக்கு வந்து எச்.எம்.எஸ். அண்டர்சன் என்னும் நிலையத்தில் இயங்கிற்று. 1944இலே தென்கிழக்காசிய நேசப்படைகளின் தலைமையகம் பேராதனைப் பூங்காவுக்கு வந்து சேர்ந்தது.

இவ்வரலாற்றிலே ஒரு செய்தி மனங்கொள்ளத்தக்கது. உலகின் மிகச் சிக்கலான மறைகுறிகள் இத்தீவிலே உடைக்கப்பட்டன. ஆயினும் தலைக்குமேல் விமானம் வந்த வேளையிலே, சீனக்குடாவிற் கூலிக்கு உழைத்த தொழிலாளியோ தம்பலகாமத்து வயலில் நின்ற உழவனோ அவ்வறிவின் பங்காளியாக இருக்கவில்லை. அறிவு அரசினுடையது, குண்டு மக்களுடையது.

4

போருக்குப் பின்னரும் இத்தனியுரிமை நீடித்தது. வங்கிகளும் பெருநிறுவனங்களும் கணினியைக் கையாளத் தொடங்கியதும் வணிகத்துக்கெனப் பொது மறைகுறிமுறை தேவைப்பட்டது. 1977இலே ஐக்கிய அமெரிக்கா டெஸ் என்னும் தரமுறையை ஏற்றது. இதன் மூலவடிவமான ஐ.பி.எம். நிறுவனத்தின் லூசிபரிலே 128 இரும இலக்கத் திறவுகோல் இருந்தது. தரமுறையாக வெளிவந்தபோது அது 56 இலக்கமாகக் குறுகியிருந்தது. 1998இலே மின்னணு எல்லை அறக்கட்டளை என்னும் உரிமை அமைப்பு கட்டிய பொறி அத்தகைய திறவுகோலொன்றை 56 மணித்தியாலங்களிற் கண்டுபிடித்தது. வணிகருக்குப் போதுமானதும், அரசு உடைக்கக்கூடியதுமான பூட்டே பொதுமக்களுக்கு அனுமதிக்கப்பட்டிருந்தது என்னும் ஐயம் இதனால் வலுப்பெற்றது.

இதற்கிடையே எதிர்நிலை இயக்கம் ஒன்று முளைத்தெழுந்தது. 1991இலே அணுவாயுத எதிர்ப்பு இயக்கத்திற் பங்குகொண்டிருந்த பில் சிம்மர்மன், பி.ஜி.பி. என்னும் மறைகுறி மென்பொருளை எவரும் பெறத்தக்கதாக வெளியிட்டார். அன்றைய அமெரிக்கச் சட்டப்படி வலுவான மறைகுறி போர்த்தளபாடமாகக் கருதப்பட்டது. அதனை அனுமதியின்றி ஏற்றுமதி செய்தார் என்னும் குற்றச்சாட்டிலே அவர்மீது விசாரணை நடந்தது. 1996இலே அது கைவிடப்பட்டது. 1995இலே அம்மென்பொருளின் மூலநிரல் முழுவதும் எம்.ஐ.டி. பதிப்பகத்தால் அச்சு நூலாக வெளியிடப்பட்டது. தட்டிலே பதிந்தால் ஆயுதம் எனப்படுவது தாளிலே அச்சிட்டால் நூலாகிவிடுகின்றது! நூலின் சுதந்திரத்துக்காக நூற்றாண்டுகளாகப் போராடிப் பெற்ற உரிமை இங்கு பொறியின் மொழிக்கும் கவசமாயிற்று.

இன்னொரு புறத்திலே 1983 செப்தெம்பரில் ரிச்சர்ட் ஸ்டோல்மன் குனூ திட்டத்தை அறிவித்திருந்தார். மென்பொருளை இயக்கவும், ஆராயவும், திருத்தவும், பகிரவும் எவர்க்கும் உரிமை வேண்டும் என்பது அத்திட்டத்தின் கோட்பாடு. 1991 ஓகஸ்தில் எல்சிங்கி மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் தாம் எழுதிவந்த கருனியை அறிவித்தார். இயங்குதளத்தின் உட்கருவாகிய அந்நிரல் 1992இலே குனூ பொது உரிமத்தின்கீழ் வந்தது. இவ்விரண்டின் இணைப்பே நாம் லினக்ஸ் என வழங்குவது.

மறைகுறி பற்றிய தடை இவ்வியக்கத்தையும் பாதித்தது. டெபியன் என்னும் தன்னார்வலர் வழங்கல், மறைகுறி மென்பொருள்களை அமெரிக்காவுக்கு வெளியேயுள்ள வழங்கிகளிலே தனியாக வைத்திருக்க வேண்டியதாயிற்று. 2000ஆம் ஆண்டிலே ஏற்றுமதிக் கட்டுப்பாடு தளர்ந்தபின், 2002இல் வெளிவந்த பதிப்பிலேயே அவை பிரதான தொகுதியிற் சேர்ந்தன. இதே காலத்தில் டெஸ் முறைக்கு மாற்றுத் தேடிப் பகிரங்கப் போட்டியொன்று நடைபெற்றது. உலகின் மறைகுறி அறிஞர் யாவரும் ஒருவர் முறையை மற்றவர் உடைக்க முயன்ற அப்போட்டியிலே, பெல்சியத்தைச் சேர்ந்த யோவான் டாமனும் வின்சென்ட் ரைமனும் ஆக்கிய முறை வென்றது. 2001 நவம்பரிலே அது ஏ.ஈ.எஸ். என்னும் தரமுறையாயிற்று. 2004இலே கருனியின் 2.6.4ஆம் பதிப்பில் வட்டு முழுவதையும் மறைகுறியாக்கும் பகுதி இடம்பெற்றது. அக்காலத்தையொட்டிக் கிளெமென்ஸ் ஃபுறூவேர்த் லக்ஸ் என்னும் ஒழுங்கமைப்பை வகுத்தார். 2007இல் வெளிவந்த டெபியன் 4.0 நிறுவியிலே அது சாதாரண பயனரின் தெரிவாக அமைந்தது. 2012 ஒக்ரோபரில் உபுண்டுவின் நிறுவியும் இத்தெரிவைத் தந்தது.

கேர்க்கோஃப்ஸ் 1883இலே கூறியது இங்கே தன் முழு வடிவைப் பெறுகின்றது. பூட்டின் வரைபடம் உலகினது. சாவி மட்டுமே உரியவரது. மார்க்ஸ் 1857–58இல் எழுதிய குறிப்பேடுகளிலே, பொறியில் உறைந்து கிடக்கும் சமுதாயப் பொது அறிவு நேரடி உற்பத்திச் சக்தியாக மாறுவதைப் பற்றிச் சிந்தித்தார். கூலியின்றியும் கூலிக்குமாகப் பல நாட்டவர் எழுதி, யாவரும் சோதித்துத் திருத்தும் இம்மென்பொருள் அப்பொது அறிவின் ஓர் எடுத்துக்காட்டு என்பதில் ஐயமில்லை. ஆயினும் மூலதனம் இதனைக் கண்டு ஒதுங்கிநிற்கவில்லை. அவ்வியக்கத்திலிருந்து வளர்ந்த ரெட் ஹாட் நிறுவனத்தை 2019இலே ஐ.பி.எம். 3,400 கோடி டொலருக்கு வாங்கிற்று. பொதுவில் விளைந்ததைத் தனியுடைமை அறுவடை செய்யும் முரண்பாடு கணினியுலகிலும் தொடர்கின்றது.

5

இனி, நிறுவும் செயல் எவ்வாறு நிகழ்கின்றது என்பதை நோக்குவோம். வேலையின் ஒழுங்கை அறியாது அதன் சமூகப் பொருளை உரைத்தல் இயலாது.

கோப்புகள் யாவற்றையும் முதலில் வேறோர் இடத்திற் படியெடுத்த பின்னரே தொடங்குதல் வேண்டும். வட்டிலுள்ள பழையன எல்லாம் அழியும். சிறு நினைவுக் குச்சியிலே பதிந்த டெபியன் நிறுவியிலிருந்து கணினியைத் தொடங்கினேன். நிறுவியின் மொழிப் பட்டியலிலே தமிழ் உண்டு. தன்னார்வலர் மொழிபெயர்ப்பின் பயனாக, நிறுவற் செயல் முழுவதையும் தமிழிலேயே நடத்த முடிந்தது. வட்டைப் பிரிக்கும் கட்டத்திலே மறைகுறியாக்கத்துடன் கூடிய தெரிவை மேற்கொண்டேன். நிறுவி முதலில் வட்டு முழுவதையும் ஒழுங்கற்ற எண்களால் நிரப்புகின்றது. எங்கே எழுத்துண்டு, எங்கே வெறுமையுண்டு என்பதையும் அயலார் அறியாதிருத்தற்பொருட்டே இது செய்யப்படுகின்றது. இதற்கு மணிக்கணக்கான நேரம் பிடித்தது. இரவு முழுவதும் ஓடிற்று.

அதன்பின் கணினி தானே ஒரு முதன்மைத் திறவுகோலை உண்டாக்குகின்றது. வட்டிலே எழுதப்படும் ஒவ்வொரு துணுக்கும் அதனாலேயே ஏ.ஈ.எஸ். முறைப்படி மறைக்கப்படுகின்றது. நாம் தரும் கடவுத்தொடர் வட்டை நேரடியாக மறைப்பதில்லை. முதன்மைத் திறவுகோலைப் பூட்டி வைப்பதே அதன் பணி. பூட்டப்பட்ட அத்திறவுகோல் வட்டின் முகப்புப் பகுதியிலே இருக்கும். லக்ஸ் இரண்டாம் பதிப்பிலே அம்முகப்பு வழக்கமாக 16 மெபிபைட் அளவினது. கடவுத்தொடரைச் சோதிக்கும் ஒவ்வொரு முயற்சியும் வேண்டுமென்றே காலத்தையும் நினைவகத்தையும் விழுங்குமாறு அமைக்கப்பட்டுள்ளது. உரியவருக்கு ஒரு நொடித் தாமதம்; ஊகித்துப் பார்க்கும் பகைவருக்கு அத்தாமதமே மதில்.

கணினி தொடங்கும்போது, மறைகுறியிடப்படாத ஒரு சிறு பகுதியிலிருந்து கருனி எழுந்து, கடவுத்தொடரைக் கேட்கின்றது. இங்கே ஓர் உண்மை எதிர்ப்பட்டது. நிறுவி தமிழிலே பேசினாலும் அத்தொடக்க நிலையிலே தமிழைத் தட்டச்சு செய்யும் வசதி ஆயத்தமாவதில்லை. எனவே கடவுத்தொடரை இலத்தீன் எழுத்துகளிலேயே அமைக்க நேர்ந்தது. வீட்டினுள்ளே தமிழ், வாயிற் பூட்டிலே உரோமன் எழுத்து. மொழியுரிமை என்பது பெயர்ப்பலகையோடும் அரசாங்கச் சுற்றறிக்கையோடும் முடிவதன்று, பொறியின் அடித்தளம் வரை செல்லவேண்டியது என்பதை இச்சிறு அனுபவம் உணர்த்திற்று.

கடவுத்தொடரைத் தெரியும்போது இலக்கிய மாணவர் செய்யக்கூடிய தவறொன்று உண்டு. மனப்பாடமான செய்யுளொன்றை வைத்தால் மறக்காது எனத் தோன்றும். திருக்குறளிலே உள்ளவை 1330 குறட்பாக்கள். அவை யாவற்றையும் ஒரு கணினி விரைவிலே சோதித்துவிடும். மாறாக, தாயக்கட்டையை ஐந்து முறை உருட்டினால், ஆறு முகங்களால் 7776 சொற்கள் கொண்ட பட்டியலில் ஒன்றைத் தெரியலாம். அதாவது, முழுக் குறட்பாவொன்றைவிடக் குருட்டாம்போக்கிலே தெரிந்த ஒற்றைச் சொல் கண்டுபிடித்தற்கு அரியது! இவ்வாறு ஆறு சொற்களைத் தெரிந்தால், சாத்தியமான தொடர்களின் தொகை 24 இலக்கங்கள் கொண்ட எண்ணாகும். புகழ்பெற்றது எதுவோ அது பொதுவானது. பொதுவானது திறவுகோலாக முடியாது.

6

இத்தொழில்நுட்பத்தின் எல்லைகளையும் ஒளிவுமறைவின்றிக் கூறுதல் வேண்டும். வட்டின் மறைகுறி, கணினி அணைக்கப்பட்டிருக்கும்போதே முழுமையாகக் காக்கும். இயங்கும் கணினியின் நினைவகத்திலே திறவுகோல் உள்ளது. அணைத்த பின்னரும் சிறிது நேரம் அது அங்கே எஞ்சியிருப்பதைப் பிரின்ஸ்ரன் பல்கலைக்கழக ஆய்வாளர் 2008இல் நிறுவிக் காட்டினர். வலையமைப்பின் வழியாக வரும் தாக்குதலையும் இது தடுப்பதில்லை. மறைகுறியிடாத தொடக்கப் பகுதியை எவரேனும் மாற்றி வைப்பின், அடுத்த முறை நாமே நமது தொடரை அவர்க்குக் கூறியவராவோம்.

இவை அனைத்தினும் பெரிய எல்லை சட்டமும் வன்முறையுமாகும். பிரித்தானியாவின் 2000ஆம் ஆண்டு விசாரணை அதிகாரச் சட்டம் திறவுகோலை ஒப்படைக்குமாறு ஒருவரைப் பணிக்க இடமளித்தது. இந்தியத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஆம் பிரிவு மறுப்போர்க்கு ஏழாண்டு வரையான சிறைத்தண்டனையை விதித்தது. நமது நாட்டிலே 1979இல் தற்காலிக ஏற்பாடாக வந்து 1982இல் நிரந்தரமாக்கப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டம், உயர்நிலைப் பொலிஸ் அலுவலர்முன் அளித்த வாக்குமூலத்தையே சான்றாக ஏற்க வழிசெய்தது. கணிதம் வட்டைக் காக்கலாம். வட்டை வைத்திருப்பவரின் உடலைக் காக்கமாட்டாது. எனவே மறைகுறியை மனித உரிமைப் போராட்டத்துக்குப் பதிலாகக் கொள்வது மயக்கமாகும். அது போராட்டத்தின் ஒரு கருவி மட்டுமே.

முற்போக்காளரிடையே இதுபற்றி இரு பிழையான நோக்குகள் உள்ளன. அந்தரங்கம் என்பது முதலாளித்துவத் தனிமனிதவாதத்தின் குழந்தை, உழைக்கும் மக்களுக்கு மறைப்பதற்கு ஒன்றுமில்லை என்பது ஒன்று. அந்தரங்கத்தைத் தனிச்சொத்துப் போன்றே கருதி, என் கணினி, என் கோப்பு, என் பூட்டு என அமைவது மற்றொன்று. தம்பலகாமத்து முதியவரின் வினா இவ்விரண்டையும் மறுக்கின்றது. அவர் கேட்டது தம் ஒருவரைப் பற்றியன்று. “எங்கட கதை” என்றார். அக்கதை தமிழரோடு மட்டும் நிற்பதுமன்று. அவ்வயல்களிலே நீரைப் பகிர்ந்து, போரிலே அச்சத்தையும் பகிர்ந்த முஸ்லிம், சிங்கள உழவர்களின் பெயர்களும் அவர் கூற்றிலே இடம்பெற்றன. ஒலிப்பதிவு என் கணினியில் இருப்பதால் அது என் உடைமையாகிவிடாது. பிறர் நம்பி ஒப்படைத்த பொருளுக்குப் பூட்டிடுவது உரிமையாவதற்கு முன் கடமையாகும்.

ஆயினும் பூட்டுவது மட்டும் போதுமா? 1981 மே 31ஆம் திகதி இரவு மூட்டப்பட்ட தீயிலே யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. அங்கு அழிந்தவற்றுள் வேறெங்கும் படியில்லாத ஏடுகளே ஈடுசெய்ய முடியாத இழப்பாயின. அவ்விழப்பின் படிப்பினை, மறைக்க வேண்டும் என்பதன்று. பெருக்க வேண்டும் என்பதாகும். 2005இலே தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகத் திட்டம், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்படிகளாக்கி யாவரும் வாசிக்க வைத்தது அப்படிப்பினையின் செயல்வடிவம். 2004 திசெம்பர் 26ஆம் திகதிய ஆழிப்பேரலைக்குப் பின்னர், காணாமற்போனோரையும் நிவாரண முகாம்களையும் பதிவுசெய்ய இலங்கைக் கணினியாளர் தன்னார்வமாக ஆக்கிய சகானா மென்பொருளும், எவரும் எடுத்தாளத்தக்க கட்டற்ற மென்பொருளாகவே வெளிவந்தது.

இங்கேதான் நமது பொருளின் மையமான முரண்பாடு புலனாகின்றது. எரிப்பவனுக்கு எதிரான காப்பு படிகளைப் பெருக்குதல். வேவு பார்ப்பவனுக்கு எதிரான காப்பு படிகளைப் பூட்டுதல். முன்னதை மட்டும் செய்தால் சாட்சி கூறியவர் அகப்படுவார். பின்னதை மட்டும் செய்தால், கடவுத்தொடரை அறிந்த ஒருவர் இறந்த அன்றே அனைத்தும் எரிந்ததற்கு ஒப்பாகும். முகப்புப் பகுதியின் 16 மெபிபைட் சிதைந்தாலும், முன்னரே அதனைப் படியெடுத்து வைத்திராவிடில், முழு வட்டும் பொருளற்ற எண்களின் குவியலாகும். அது 1950 வரை மண்ணுக்குள் கிடந்த திருமேனிகளின் நிலை. ஆனால் எவர் கிணறு தோண்டினாலும் மீளாத நிலை.

7

இம்முரண்பாட்டைத் தீர்க்கும் வழி தொழில்நுட்பத்திலே ஒரு பாதியும், சமூக ஒழுங்கமைப்பிலே மறு பாதியுமாக உள்ளது.

லக்ஸ் ஒழுங்கமைப்பின் சிறப்பு ஒன்றை இதுகாறும் கூறாது விட்டேன். முதன்மைத் திறவுகோல் ஒன்றேயாயினும், அதனைத் திறக்கும் கடவுத்தொடர்கள் பல இருக்கலாம். முதற் பதிப்பிலே எட்டு இடங்களும், இரண்டாம் பதிப்பிலே 32 வரையான இடங்களும் உள்ளன. ஒவ்வொருவரும் தமக்கெனத் தனித்தனித் தொடரை வைத்துக்கொள்ளலாம். ஒருவர் தொடரை மற்றவர் அறியவேண்டியதில்லை. ஒருவர் விலகினால் வட்டை மீண்டும் எழுதாது அவருடைய இடத்தை மட்டும் நீக்கலாம். விலகியவர் முதன்மைத் திறவுகோலையோ பழைய முகப்பின் படியையோ கொண்டு சென்றிருப்பின் மட்டும் வட்டை முழுவதும் புதிதாக மறைகுறியாக்க வேண்டும். கோணேசர் கல்வெட்டுக் கூறும் தானத்தாரின் கூட்டுப் பொறுப்பை இது ஒருவகையில் நினைவூட்டுகின்றது. வேறுபாடு யாதெனின், அங்கே பொறுப்பு பிறப்பால் வந்தது. இங்கே இணக்கத்தால் வருகின்றது. அங்கே முறையும் மறைவானது. இங்கே முறை யாவர்க்கும் பொதுவானது. நிலமானிய வடிவத்தைக் களைந்து, கூட்டுப் பாதுகாப்பு என்னும் உள்ளடக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்வதே மரபை வரலாற்று நோக்கிலே ஏற்கும் முறையாகும்.

இதன்படி தம்பலகாமத்துப் பதிவுகளை இரண்டாக வகுத்தேன். அருவிவெட்டுப் பாடல்களும், நீர்ப்பங்கீட்டு வழக்குகளும், ஊர்க்கதைகளும் மறைக்கத்தக்கனவல்ல. பாடியோரின் சம்மதத்துடன் அவற்றை இயன்றவரை பல இடங்களிலே படியெடுத்து வைத்தல் வேண்டும். அவை எவரது பூட்டுக்குள்ளும் அடங்கலாகாது. பெயரும் இடமும் கூறும் சாட்சியங்கள் மறைகுறியிட்ட வட்டிலே உள்ளன. அதன் படி ஒன்று வேறொரு மாவட்டத்திலே வேறொரு மறைகுறியிட்ட வட்டில் உள்ளது. முகப்புப் பகுதியின் படியும் தனியே வைக்கப்பட்டுள்ளது. கடவுத்தொடர்கள் மூன்று, ஒன்று என்னுடையது, மற்றிரண்டும் கதை கூறியோர் தாமே தெரிந்த இருவருடையவை. ஆய்வாளன் இறந்தாலும், அல்லது நாளை அவன் மனம் மாறினாலும், கதை உரியவர் கையிலே இருக்கும்.

இவ்வேற்பாட்டைக் கூறுவதற்காக மீண்டும் அம்முதியவரிடம் சென்றேன். கணிதத்தை அவருக்கு விளக்க முற்படவில்லை. சாவி மூன்று என்றும், அவற்றுள் இரண்டு ஊரில் இருக்கும் என்றும் கூறினேன். சிறிது நேரம் யோசித்துவிட்டு, “அப்ப இன்னும் கொஞ்சம் சொல்லலாம், தம்பி” என்றார். முன்பு கூறாது விட்ட பகுதியை அன்றுதான் கூறினார். பூட்டின் பயன் வாயை அடைப்பதன்று, திறப்பது என்பதை அன்று உணர்ந்தேன். அவர் கூறியது இவ்விதழுக்கு உரியதன்று. கூறியோர் விரும்பும் காலத்திலே, அவர்கள் விரும்பும் வடிவிலே, அது வெளிவரும்.